திணறாத மூச்சே ஆபத்து

திண்டுக்கல் சமவெளியில் கிணறு என்றால் பாறையில் வெட்டிய பெரிய பள்ளம்தான். மேலே சில அடி செம்மண், அதற்குக் கீழே கெட்டிப் பாறை. வெடி வைத்து, கல்லைத் தூக்கி, தலைமுறை தலைமுறையாக ஆழப்படுத்திக்கொண்டே வந்த கிணறுகள் இவை. கோடையில் தண்ணீர் அடியோடு வற்றியதும் தூர் வாரவும் சைடு போர் போடவும் ஆள் இறங்குவார்கள். அதற்கு முன்னால் பெரியவர்கள் ஒன்று செய்வதுண்டு. அரிக்கேன் விளக்கை ஏற்றி, கயிற்றில் கட்டி, மெதுவாக உள்ளே விடுவார்கள். சுடர் நின்று எரிந்தால் இறங்கலாம். குறுகி, நீலம் பாய்ந்து, பொசுக்கென்று அணைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது.

அருமையான வழக்கம் இது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். அது 16, 17 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். அந்த அளவில் மனிதனுக்கு மூச்சு சற்று வேகமாகும், நிதானம் கொஞ்சம் தவறும், ஆனால் உயிர் போகாது. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பும். 6 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். மனிதனுக்கு முன்னால் சுடர் சாகிறது என்பதால் சுடரை நம்பினார்கள்.

இதற்கு ஒரு விளக்கு எதற்கு? மூச்சு முட்டினால் மனிதனுக்கே தெரியாதா? இறங்கிப் பார்த்து, முட்டினால் ஏறிவிட வேண்டியதுதானே? கிணற்றிலும் கழிவுத் தொட்டியிலும் இறந்தவர்களில் பலர் இப்படி நினைத்துத்தான் இறங்கியிருப்பார்கள். உடம்பைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இதற்குள் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் திணறல் வரும் என்பது அந்த நம்பிக்கை.

திணறலைக் கிளப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல. கரியமில வாயு உள்ளே தேங்குவதுதான். மூளையின் அடித்தண்டில் முகுளம் என்ற பகுதி இருக்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு சற்றே கூடினாலும் அங்குள்ள செல்கள் உணர்ந்துவிடும். உடனே மூச்சை வேகப்படுத்து, ஆழப்படுத்து என்று உத்தரவு பறக்கும். அந்த உத்தரவு நிறைவேறாவிட்டால் நெஞ்சு முட்டும், கண் பிதுங்கும், எதையாவது பிடித்துக்கொண்டு தப்பியோடத் தோன்றும். ஆக்சிஜனைக் கவனிக்கவும் கழுத்துத் தமனிகளின் ஓரத்தில் சிறு உறுப்புகள் உண்டு. ஆனால் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த பிறகுதான் அவை பலமாகக் குரல் கொடுக்கும். அதற்குள் மூளையே மங்கத் தொடங்கியிருக்கலாம்.

இதைத் தெளிவாக்கியவர்கள் ஜே.எஸ். ஹால்டேன், ஜே.ஜி. பிரீஸ்ட்லி என்ற பிரிட்டிஷ் அறிஞர்கள். ஆண்டு 1905. நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளிகள் எப்படிச் செத்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தவர் ஹால்டேன். கெட்ட காற்றைத் தானே சுவாசித்துப் பார்த்துக் குறிப்பெழுதியவர். அவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனும் பெரிய விஞ்ஞானிதான். 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். சிறுவனாக இருந்தபோது அப்பா தன்னைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போன கதையை மகனே சொல்லியிருக்கிறார். ஓரிடத்தில் எழுந்து நின்று சேக்ஸ்பியர் நாடக வசனத்தைச் சொல்லச் சொன்னாராம் அப்பா. பையன் சொல்ல ஆரம்பித்தான். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கி, கால் துவண்டு, தரையில் விழுந்தான். விழுந்த இடத்தில் காற்று நன்றாக இருந்தது; தெளிந்துவிட்டான். மீத்தேன் காற்றைவிட லேசானது, கூரையை ஒட்டித்தான் நிற்கும் என்பது அன்று அவனுக்குப் பாடமானது.

நம் கிணற்றில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. இலைதழை மக்கியும் மண்ணுக்குள்ளிருந்து கசிந்தும் வந்து அடியில் படுத்துக் கிடக்கும். மயங்கி விழுபவர் நல்ல காற்றுக்குள் விழுவதில்லை, இன்னும் மோசமான காற்றுக்குள் விழுகிறார். இருந்தாலும் கரியமில வாயுவிடம் ஒரு நேர்மை உண்டு: திணற வைத்து எச்சரிக்கும். ஆக்சிஜன் மட்டும் தீர்ந்துபோய் நைட்ரஜன் மிஞ்சி நிற்கும் குழியில் அந்த எச்சரிக்கையும் இருக்காது. உள்ளே போனவர் கரியமில வாயுவை வழக்கம்போல வெளியே விட்டுக்கொண்டுதான் இருப்பார். முகுளம் நிம்மதியாக இருக்கும். கொஞ்சம் தலை லேசானது போலத் தோன்றும். அடுத்த கணம் நினைவு இருக்காது.

ஆயில் இன்ஜின் காலத்தில் இன்னொரு எமன் இருந்தான். பம்பு தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் உயரம் நடைமுறையில் ஏழு மீட்டர் சொச்சம்தான். காற்றழுத்தத்தின் எல்லை அது. தண்ணீர் கீழே போகப் போக இன்ஜினையும் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்கினார்கள். புகையும் உள்ளேயே தங்கியது. அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சிவப்பணுக்களை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், அவ்வளவுதான். திணறவே திணறாது. விளக்கும் அணையாது. பெரியவர்களின் விளக்கு சொல்லும் சேதி பாதிதான் என்பதற்கு இது ஒரு சாட்சி.

கிணற்றில் முங்கு நீச்சல் போட்டி வைக்கும் பையன்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டும். அதிக நேரம் தம் பிடிக்க வேண்டும் என்று கரையில் நின்று வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்துவிட்டுக் குதிப்பார்கள். அப்படி இழுப்பதால் ஆக்சிஜன் சேமிப்பு பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. விளைவு, மேலே வா என்று உடம்பு கூப்பிடுவது தாமதமாகிறது. அதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளே இப்படிச் சாகிறார்கள். மேலே நிற்பவர்களுக்குப் பையன் இன்னும் தம் பிடிப்பதாகத்தான் தோன்றும்.

கிணற்றிலிருந்து இனி தோல் பதனிடும் ஆலைகளுக்கு, நம் ஊர் வழக்கில் தோல் ஷாப்புகளுக்கு, வருவோம். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட்ட தலைமுறை போய், குரோமியம் வந்த பிறகு திண்டுக்கல்லின் நிலத்தடி நீர் பட்ட பாட்டை உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி வந்த தீர்ப்பு அது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கத்து 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு அதில் இருக்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்புகளில் இது முக்கியமானது. அதன் வேர்களில் ஒன்று நம் ஊர்க் கிணற்றில் இருக்கிறது.

தண்ணீர் கெடுவது கண்ணுக்குத் தெரிகிறது. தொட்டிக்குள் நடப்பது தெரிவதில்லை. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலம் கலந்த கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு குபீரென்று கிளம்பும். சேறு மண்டிய தொட்டிகளில் நுண்ணுயிர்களே அதைத் தயாரிக்கும். வீட்டுச் செப்டிக் டேங்கிலும் இதே வாயுதான். கூமுட்டை நாற்றம் என்போமே, அதுதான் இதன் வாசனை. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் நூறு பங்கை நெருங்கினால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு செயலிழந்துபோகும். "முதல்ல நாறுச்சு, இப்ப ஒண்ணும் இல்ல" என்று உள்ளே இருப்பவர் சொன்னால் வாயு விலகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூக்குதான் செத்துவிட்டது. அளவு ஐந்நூறு, எழுநூறு என்று ஏறினால் ஆள் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார்.

இந்த வாயு மூச்சுக்குழாயை அடைப்பதில்லை. நுரையீரல் விரிகிறது, இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து போகிறது. செல்லின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உள்ளே அதைப் பயன்படுத்தும் நொதியை ஹைட்ரஜன் சல்பைடு பூட்டிவிடுகிறது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. காற்று இருந்தும் மூச்சடைத்துச் சாகும் சாவு இது.

ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் பதறிக் குதிக்கிறார். அவர் விழுந்ததும் மூன்றாமவர். ஒரே தொட்டியில் மூன்று உடல்கள் என்று செய்தி வருவதெல்லாம் இப்படித்தான். இதை முட்டாள்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. கூடப் பிறந்தவன் கண்ணெதிரே விழும்போது மனுஷன் குதிக்கத்தான் செய்வான். ஆகவே யாரும் விழாமலே பார்த்துக்கொள்ள வேண்டும். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. கழிவுநீர் லாரியை அழைக்க 14420 என்ற எண் இருக்கிறது. வீட்டுத் தொட்டி நிறைந்தால் ஆளைத் தேடாதீர்கள், அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

மூச்சுக்குழாய் நேரடியாக அடைபடுவது வேறு ரகம். இங்கே எச்சரிக்கை மணி முழு வேகத்தில் அடிக்கும். வெளியே சத்தம்தான் வராது. நாம் ஒரு வாய் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது, குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மூச்சு நிற்கிறது. அந்த நேரம் பார்த்துச் சிரித்தாலோ பேசினாலோ கதவு திறந்துவிடும். பிரியாணித் துண்டு உள்ளே போகும்.

இருமுகிறார், பேச்சு வருகிறது என்றால் அது புரையேறல். இருமவிடுங்கள், இருமலைவிடச் சிறந்த மருந்து அதற்கில்லை. யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவது பாசத்தில் செய்வது, பயன் எதுவும் இல்லை. ஆனால் சட்டென்று சத்தம் நின்று, பேச முடியாமல், இரண்டு கையும் தொண்டைக்குப் போய், உதடு நீலம் பாய்ந்தால் அது முழு அடைப்பு. நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். தண்ணீர் கொடுக்கக் கூடாது, வாழைப்பழமும் கூடாது, கண்மூடித்தனமாகத் தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. ஆளை முன்னால் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வரவில்லையா? பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வெட்டி இழுக்க வேண்டும். நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்றே அடைத்ததை வெளியே தள்ளும். ஹென்றி ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1974இல் வெளியிட்ட முறை இது. கர்ப்பிணிக்கு வயிற்றுக்குப் பதில் நெஞ்சை அழுத்த வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்தம். இதற்கிடையில் யாராவது ஒருவர் 108க்குப் போன் போட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் நிலக்கடலை வீட்டு முற்றத்திலேயே காயும். தவழும் பிள்ளை கைக்கு எட்டும். மூன்று வயதுவரை அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது. பருப்பை இரண்டாக உடைக்கும், அரைக்காது. அந்தப் பாதிப் பருப்பு வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் போனால், பெரும்பாலும் வலது கிளைக்குள் இறங்கும். வலது கிளை இடதைவிட அகலம், செங்குத்தும்கூட. முதலில் ஒரு பெரிய இருமல் வரும். பிறகு அமைதி. பிள்ளை விளையாடப் போய்விடும், பெற்றவர்களும் மறந்துவிடுவார்கள். உள்ளே பருப்பு ஈரத்தில் ஊறி உப்பும். அதன் எண்ணெய் குழாயின் சுவரைப் புண்ணாக்கும். ஒரு வாரம் கழித்துச் சளி, காய்ச்சல், நெஞ்சின் ஒரு பக்கத்தில் மட்டும் விசில் சத்தம். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. மருந்துக்கு மேல் மருந்து மாறும். "கடலை, புளியங்கொட்டை, சீதாப்பழ விதை ஏதாவது தின்னும்போது இருமிச்சா?" என்ற ஒரு கேள்வியில்தான் குட்டு உடையும். 1897இல் ஜெர்மனியின் குஸ்தாவ் கில்லியன் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாய்க்குள் குழல் விட்டு எலும்புத் துண்டை எடுத்தார். அன்று தொடங்கிய பிராங்கோஸ்கோப்பி இன்று அந்தக் கடலையையும் எடுத்துவிடும், சந்தேகம் வந்து கூட்டிப்போனால்.

மூச்சு முட்ட வாயுவோ எலும்போ வேண்டும் என்பதும் இல்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது, துக்கம் தொண்டையை அடைக்கிறது, அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்கிறோம். இவை வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. அழுகை முட்டும்போது, காற்று அதிகம் வேண்டும் என்று உடம்பு குரல்வளையை விரித்துவைக்கிறது. எச்சில் விழுங்கவோ அது மூடியாக வேண்டும். விரிக்கும் தசைக்கும் மூடும் தசைக்கும் நடக்கும் இந்த இழுபறியைத்தான் நாம் தொண்டையில் உருண்டையாக உணர்கிறோம் என்பது உடலியல் தரும் விளக்கம். அங்கே உருண்டை எதுவும் இல்லை. உணர்ச்சி மட்டும் நிஜம்.

பீதிக்கும் திணறலுக்கும் உள்ள உறவு இன்னும் ஆழமானது. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் அமெரிக்கப் பெண்மணிக்கு மூளையில் பயத்துக்கு மையமான அமிக்டலா நோயால் அழிந்துபோனது. பாம்போ பேய்ப்படமோ கத்தியோடு வந்த ஆளோ அவரைப் பயமுறுத்தவில்லை. அவருக்கும், அதே பாதிப்புள்ள இரட்டைச் சகோதரிகள் இருவருக்கும் 35 சதவீதக் கரியமில வாயு கலந்த காற்றை ஒரு மூச்சு கொடுத்துப் பார்த்தார்கள். மூவருமே பீதியில் துடித்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு இது. மற்றப் பயங்களுக்கெல்லாம் ஆதாரமான இடம் அழிந்த பிறகும் மூச்சுக்கான பயம் மட்டும் அழியவில்லை. மனித உடம்பில் இதைவிடப் பழைய பயம் இருக்குமா என்று தெரியவில்லை. பீதி நோய் உள்ளவர் "மூச்சு முட்டுது" என்றால் நடிப்பு என்று ஒதுக்காதீர்கள். இல்லாத ஆபத்துக்கு அந்தப் பழைய மணி அவருக்குள் நிஜமாகவே அடித்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, மெதுவாக நெரிக்கும் ஒன்று. திண்டுக்கல் மாவட்டத்தில், குறிப்பாக வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் ஏராளம். பஞ்சைப் பிரிக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் தூசி அதிகம். கண்ணுக்குத் தெரியும் பஞ்சு இழை பெரிய எதிரி அல்ல, மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் ஆழம் போகிறது. பருத்தியில் ஒட்டியிருந்த பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் அதோடு சேர்ந்து போய்ச் சிறு காற்றுக்குழாய்களைச் சுருக்குகிறது. பிசினோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். 1950களில் லங்காஷயர் மில்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் அதன் படிகளை வகுத்தார். முதல் படியின் அடையாளம் விசித்திரமானது: ஞாயிறு ஓய்ந்துவிட்டுத் திங்கள் வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும், செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். வருஷங்கள் போகப் போகச் செவ்வாயும் புதனும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் எல்லா நாளும் திங்களாகிவிடும். அந்தக் கட்டத்தில் குழாய்களின் சேதம் திரும்புவதில்லை. பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் வேகம் கூடும். அந்த வேடசந்தூரிலேயே 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து மணத்ததும் ஊருக்குத் தெரியும்.

நம் மில்களில் வார விடுமுறை ஆளுக்கொரு நாள். திங்கள்கிழமை தொந்தரவு உண்டா என்று டாக்டர் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்த் திரும்பும் நாள்தான் திங்கள். அன்றைக்கு நெஞ்சைப் பிடித்தால், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடித்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு நாளில் சரியாகியும் விடுவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த நுண்தூசியை நிறுத்தாது. என்-95 ரக முகக்கவசம் நிறுத்தும். அதைவிட முக்கியம், தூசியை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பது. அது நிர்வாகத்தின் கடமை. ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் தொடக்க நிலையிலேயே நோய் தெரிந்துவிடும். தொழில்நோய்களின் பட்டியலில் பிசினோசிஸ் இருப்பதால் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவருக்குச் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் உரிமை உண்டு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ மில் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், லீவு முடிந்து போன முதல் ஷிஃப்டில் நெஞ்சு இறுகுகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆமாம் என்றால், எத்தனை வருஷ வேலை, எந்த டிபார்ட்மெண்ட், எந்த நாளில் இறுக்கம் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.